வெள்ளிக்கிழமைச் சீட்டு

வேண்டாம் அக்கா, பை என் கையிலேயே இருக்கட்டும். நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம்தான். எனக்கும் தெரியும். ஆனால் நான் கொடுப்பதில்லை. தப்பாக நினைக்காதீர்கள். உங்களைப் பார்த்தால் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் மாதிரித் தெரியவில்லை. ஆனால் விட்டுவிட்டுப் போகிறவர்கள் யாருமே பார்த்தால் அப்படித் தெரிவதில்லை. அதுதான் சங்கடம்.

இதோ அவர் இறங்குகிறார். உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் எங்கே போகிறீர்கள்? தோமாபுரமா? நானும் அங்கேதான். யார் வீட்டுக்கு? கோயில் தெருவில் தங்கை வீடா? ஓ, கால்நடை ஆஸ்பத்திரி பெஞ்சமின் மனைவி சுகந்தியா! அவள் ரவிக்கை எல்லாம் நான்தான் தைக்கிறேன். வலது தோள் அவளுக்குக் கொஞ்சம் இறக்கம். டெய்லர் எப்சிபா என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பாள். துணி கொடுக்கிறவர்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு தைக்கிற ஒரே டெய்லர் நான்தான் என்பாள். உண்மைதான். நாளைக்கு வந்து, நான் மஞ்சள் துணி கொடுத்தேன், நீ பச்சையைத் தைத்துவிட்டாய் என்றால் என்ன செய்வது?

முகம் ஒரு மாதிரி இருக்கிறதா? இருக்கட்டும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை நான் உபவாசம். ஆனால் காரணம் அது இல்லை அக்கா. நான் ஒரு சண்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பெண்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள். மூன்று மாதமாக. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு. இப்போது எல்லாரும் கோயிலுக்குப் பின்னாலிருக்கிற கூடத்தில் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். போய் டப்பாவிலிருந்து என் சீட்டை எடுத்து அவர்கள் முன்னாலேயே கிழித்துப் போடப் போகிறேன். அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. எந்த ஊரிலும் இல்லை.

என்ன சீட்டு என்கிறீர்களா? சொல்கிறேன். இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

எங்கள் பெண்கள் சங்கத்தில் வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம். ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. யாருக்கு என்ன குறை என்றாலும் சீட்டில் எழுதி, பெயரும் எழுதி, அதில் போட வேண்டும். டப்பா கைமாறி வரும். அவரவர் கைக்கு வந்த சீட்டைச் சத்தமாக வாசித்து, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும். ஜெபம் கேட்கப்படும்வரை, அதாவது கேட்டது கிடைக்கும்வரை, சீட்டு டப்பாவில் இருக்கும். கேட்கப்பட்டால், ஆண்டவர் தனக்கு என்ன செய்தார் என்று சீட்டுக்காரி எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அன்றைக்குக் கஞ்சியோடு சேர்த்து அவள் வீட்டுப் பாயசம். சீட்டை எடுத்துவிடுவார்கள். அதோடு அவள் பெயரும் டப்பாவிலிருந்து போய்விடும்.

என் சீட்டு பதினோரு வருஷமாக இருக்கிறது. மடிப்பு கிழிந்து மூன்று தடவை புதிதாக எழுதிப் போட்டிருக்கிறேன். 'எட்டு வயதில் என்னை விட்டுப்போன அம்மா திரும்பி வர வேண்டும். எப்சிபா.' அவ்வளவுதான்.

ஆமாம் அக்கா. எட்டு வயதில். அப்பா இறந்த வருஷம். பாளையங்கோட்டைப் பக்கம் பெண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் கொண்டுபோய் விட்டாள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு கவுன், ஒரு மிக்சர் பொட்டலம். கேட் பக்கத்தில் நின்று என் தலையைத் தடவி, "ஞாயித்துக்கிழமை வாரேன் தாயி" என்றாள். மிக்சரை ஞாயிற்றுக்கிழமை அவளோடு சேர்ந்து தின்ன வேண்டும் என்று பெட்டியில் வைத்திருந்தேன். எறும்பு வந்துவிட்டது.

இல்லத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். தையல் கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். பிறகு ஒருநாள் உட்காரவில்லை. யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் உட்காரவில்லை.

அன்றிலிருந்து நான் யாரையும் நம்புகிறதில்லை. நம்பாமல் இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு அக்கா, உங்களுக்குத் தெரியாது. கோயிலுக்குள் போகும்போது எல்லாரும் செருப்பை வெளியே விடுவார்கள். நான் பையில் போட்டு உள்ளே கொண்டுபோய்விடுவேன். வாசலை ஒட்டின பாயில்தான் உட்காருவேன். என் கத்தரிக்கோலை யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கல்யாணமும் இல்லை. ஒரு வரன் வந்தது. சாமுவேல்ராஜ் என்று பெயர், மின்சார வாரியத்தில் வேலை. நல்ல மனிதர்தான். போகும்போது, "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வாரேன்" என்றார். முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வந்தாராம். அம்மாவோடு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றாராம். என் மேல் என்ன தப்பு? அவர் வேறு ஏதாவது கிழமை சொல்லியிருக்கலாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்.

சங்கத்தில் சேர்வதற்கு நான் போகவில்லை. ரத்தினபாய் அக்காவுக்கு ரவிக்கை கொடுக்கப் போனேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. ரத்தினபாய் அக்காதான் சங்கத் தலைவி. மீன் வியாபாரம் பண்ணின தொண்டை. அவள் ஜெபித்தால் ஊர் பிரிகிற விலக்கு ரோடுவரை கேட்கும். "ஏட்டி, நிக்காத, உக்காரு. கஞ்சி குடிச்சிட்டுப் போ" என்றாள். உட்கார்ந்தேன். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் பேச என்னை மாட்டிவிட்டார்கள். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எழுந்து விளக்குவார்கள் இல்லையா? எங்கள் ஊரில் நாலாம் வார்த்தை பெண்கள் சங்கத்துக்கு. சங்கத்துச் செயலாளர் கிளாடிஸ் டீச்சர், ஓய்வு பெற்றவர், என்னைக் கேட்காமலேயே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். "எனக்குப் பிரசங்கம் தெரியாது டீச்சர்" என்றேன். "தெரிஞ்சவங்க நெறைய பேரு பேசியாச்சு எப்சி" என்றார்.

நாலாம் வார்த்தை எது தெரியுமா? 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று பிதாவைப் பார்த்து அவர் கேட்கிற கேள்வி. நான் போய் நின்றேன். பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். கோயில் நிறைய ஜனம். "இவரும் கேட்டிருக்கார். ஏன்னு இவரும் கேட்டிருக்கார்" என்று இரண்டு தரம் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. வந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் துணைக்கு ஓர் ஆள் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ராத்திரி கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை பார்க்கிறவள், அன்று ஒரே தடவைதான் பார்த்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை சீட்டு எழுதிப் போட்டேன்.

அன்றைக்கே எனக்குச் சுகம் கிடைத்துவிட்டது. அம்மாவை மன்னித்தும்விட்டேன். மன்னித்ததற்குச் சாட்சிகூடச் சொன்னேன்.

பதினோரு வருஷம் அக்கா! ஒரு வெள்ளிகூடத் தப்பாமல் யாராவது ஒருத்தி வாயில் என் பெயர் வரும். புஷ்பலீலா கைக்குப் போனால் வாசிப்பதற்கு முன்னாலேயே அழுவாள். ரத்தினபாய் அக்கா கையில் போனால் கடவுளை அதட்டுவாள், "என்ன ஆண்டவரே, எங்க எப்சியை மறந்துட்டீரா?" என்று. கிளாடிஸ் டீச்சர் முழு முகவரி சொல்லி ஜெபிப்பார். "தோமாபுரம், கீழத்தெரு, கதவிலக்கம் பதினாறில் வசிக்கும் எப்சிபா." அம்மாவைக் கொண்டுவந்து பதினேழாம் நம்பர் வீட்டில் இறக்கிவிடக் கூடாதே என்று பயம்போல. எங்க எப்சி! அப்படி என்னை யார் சொல்லியிருக்கிறார்கள்? அந்த ஒரு வார்த்தைக்காகவே மற்ற ஆறு நாளும் மிஷினை மிதிப்பேன்.

அப்புறம் அவள் வந்துவிட்டாள்.

அம்மாதான். வேறு யார்? நாலு மாதம் ஆகிறது. செவ்வாய்க்கிழமை, மதியம். ஒரு மஞ்சள் பையோடு வாசலில் நின்றாள். முதுகு வளைந்துபோயிருந்தது. நான் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன தைக்கணும்?" என்றேன்.

"தைக்க ஒண்ணும் இல்ல. எப்சி வீடு இதானா?"

"நீங்க யாரு?"

"ஞாயித்துக்கிழமை வாரேன்னு சொல்லிட்டுப் போனேம்லா…" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த வாக்கியத்தை அவள் விட்ட இடத்திலிருந்து எடுக்கிறாள். நான் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்தாள். ஏன் போனாய், எங்கே இருந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எனக்கு அப்போது மனசில் ஓடியது என்ன தெரியுமா? வெள்ளிக்கிழமை நான் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். பாயசம் வைக்க வேண்டும். எல்லாரும் கைதட்டுவார்கள். பிறகு சீட்டை எடுத்துவிடுவார்கள். அதற்கு அடுத்த வெள்ளி டப்பா வரும், போகும், என் பெயர் இருக்காது. அவளைத் திரும்பப் பெறுவதற்கு இவர்களைக் கொடுக்க வேண்டும். இவள் ஒருத்தி. போனவள். மறுபடியும் போகமாட்டாள் என்று என்ன நிச்சயம்? போய்விட்டால் நான் யாரிடம் போய் மறுபடி சீட்டுப் போடுவேன்?

மூன்று மணி பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாளையங்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, நல்ல இடம். சுத்தமாக இருக்கும், வேளாவேளைக்குச் சாப்பாடு. படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'தெரிந்தவர்' என்று எழுதினேன். நான் கிளம்பும்போது அவள் என் பையின் காதைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவ தாயி?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றேன்.

வேறு கிழமை வாயில் வரவில்லை அக்கா. வேண்டுமென்று சொல்லவில்லை. சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை.

போனேனா என்றா கேட்கிறீர்கள்? பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். யூனிபாரம் குவிந்துகிடந்தது. பிறகு கோயிலில் ஊர் விருந்து, அசனப் பண்டிகை. பிறகு எனக்கே உடம்பு சரியில்லை. நானும் அவளும் ஒன்றா? நான் அவளை நல்ல இடத்தில்தானே விட்டிருக்கிறேன்?

ஒவ்வொரு வெள்ளியும் டப்பா வந்தது. "இந்த மகளுடைய தாயைத் திரும்பக் கொண்டுவாரும் ஆண்டவரே" என்று யாராவது கேட்பார்கள். நான் ஆமென் சொல்வேன். ஏற்கெனவே கொடுத்ததைக் கொடு கொடு என்று கேட்கச் சொல்லி, பன்னிரண்டு பேரை முட்டிபோட வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து, ஆண்டவரே என்று ஆரம்பிப்பேன், அதற்கு மேல் ஒன்றும் வராது. பதினோரு வருஷமாகத் துணைக்கு இருந்த ஆளை நானே வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தின மாதிரி இருந்தது. தாழ்ப்பாளை மறுபடியும் மூன்று தடவை, நாலு தடவை பார்க்க ஆரம்பித்தேன். ஒருநாள் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. சுகந்தி ரவிக்கை கேட்டு வந்து கூப்பிட்டாள், எழுந்தேன்.

நேற்று முதியோர் இல்லத்திலிருந்து மெர்சி போன் பண்ணினாள். அங்கே பொறுப்பில் இருக்கிற பெண். "அன்னபாக்கியம் பாட்டி சாப்பிட மாட்டேங்கிறாங்க. நாற்காலியைத் தூக்கிட்டு கேட்டுகிட்டயே உக்காந்திருக்காங்க. வந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்றாள். அன்னபாக்கியம் அம்மாவின் பெயர். இன்று காலையில் போனேன்.

பக்கவாசல் மேஜையில் ஒரு நோட்டு. வருகிறவர்கள் பெயர், யாரைப் பார்க்க, என்ன உறவு என்று எழுத வேண்டும். எழுதக் குனிந்தேன். பக்கம் முழுக்கத் தெரிந்த கையெழுத்து அக்கா! ரத்தினபாய். புஷ்பலீலா. கிளாடிஸ். மறுபடியும் ரத்தினபாய். திங்கட்கிழமை திங்கட்கிழமையாக. 'யாரைப் பார்க்க: அன்னபாக்கியம். உறவு: மகள் வீட்டார்.' எல்லாரும் அதையே எழுதியிருக்கிறார்கள். மகள் வீட்டார்!

மெர்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். அங்கே இருக்கிற பெரியவர்களும் ஜெபச் சீட்டு எழுதிக் கொடுப்பார்களாம். அதைப் பக்கத்து ஊர்ச் சங்கங்களுக்குப் பிரித்து அனுப்புவார்களாம். பாட்டிக்கு எழுதத் தெரியாததால் மெர்சியே எழுதினாளாம். "என் மகள் எப்சிபா ஞாயித்துக்கிழமை வரணும்னு சொன்னாங்க. உங்க சங்கத்துக்குத்தாம்மா போச்சு" என்றாள்.

இரண்டு சீட்டும் ஒரே டப்பாவுக்குப் போயிருக்கிறது!

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மூன்று மாதமாகக் கிளாடிஸ் டீச்சர் என் முகவரியைச் சொல்வதில்லை. "ஆண்டவரே, உமக்கு இடம் தெரியும்" என்று முடித்துவிடுவார். வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். சீட்டெல்லாம் தீர்ந்த பிறகும் ரத்தினபாய் அக்கா தன் வேதபுத்தகத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருப்பாள். சத்தமில்லாமல் ஜெபிக்கத் தெரியாதவள்! வயிற்றுப் புண் என்று நினைத்தேன். டப்பாவில் போடாமல் அந்தப் புத்தகத்துக்குள்தான் அம்மாவின் சீட்டை வைத்திருந்திருக்கிறாள்.

பார்த்தீர்களா, எப்படிப்பட்ட பெண்கள்! தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் பொய்க்காரி என்று தெரிந்துகொண்டே என் சீட்டை எடுத்து வாசித்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டே என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துகொண்டே எனக்குக் கஞ்சி ஊற்றி, துவையலை என் பக்கம் தள்ளிவைத்திருக்கிறார்கள். ஒருத்தி, ஒரே ஒருத்தி, "ஏட்டி எப்சி, என்ன காரியம் பண்ணிட்ட?" என்று கேட்கவில்லை. சீட்டை எடுத்து எறியவும் இல்லை. இதற்குப் பெயர் என்ன அக்கா? ஏமாற்று இல்லையா?

என்ன சொன்னீர்கள்?

இல்லை, சத்தத்தில் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்கள்.

… அவர்களுக்கு உங்களை விட்டுவிட மனசில்லை போலிருக்கிறது, என்றா சொன்னீர்கள்?

கொஞ்சம் பொறுங்கள். கண்ணில் தூசி இல்லை, ஒன்றும் இல்லை, விடுங்கள்.

அம்மாவைப் பார்த்தேனா என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்லிவிடுகிறேன். நோட்டு வைத்திருந்த மேஜையிலிருந்து பார்த்தால் அவள் முதுகு தெரிந்தது. கேட்டைப் பார்த்து நாற்காலி. மடியில் மஞ்சள் பை. குளித்துத் தலை சீவியிருந்தாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே, ஏன் இப்பவே உக்காந்திருக்காங்க?" என்று கேட்டேன். "அவங்களுக்குக் கிழமை குழம்பிப்போச்சும்மா. தினமும் ஞாயித்துக்கிழமைதான்" என்றாள் மெர்சி. நான் பக்கவாசல் வழியாக உள்ளே வந்திருந்தேன். வந்த வழியே திரும்பிவிட்டேன். பத்தடி அக்கா. பத்தடிதான் இருக்கும். சண்டைக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேன். ஆனால் அங்கிருந்து ஆத்திரத்தில் திரும்பவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதிலிருந்தே தெரியும்.

இப்போது என்ன ஸ்டாப்? பனைவிளை விலக்கா? இதற்கு அடுத்தது நம் ஊர்தான். இருங்கள், ஒரு நிமிஷம். அளவு நோட்டிலிருந்து ஒரு தாள் கிழிக்கிறேன். பின்னால் யாரோ இடுப்பு முப்பத்தாறு என்று இருக்கிறது, இருக்கட்டும். பஸ் ஆடுகிறது, கையெழுத்து ஒழுங்காக வராது. ரத்தினபாய் அக்காவுக்குப் புரியும்.

'அம்மா வந்துவிட்டாள். மகள்தான் இன்னும் போகவில்லை. இன்றைக்கு அம்மாவிடம் போக ஜெபியுங்கள். எப்சிபா.'

இதை அவர்கள் கையில் கொடுப்பீர்களா அக்கா? உங்கள் தங்கை வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் கோயில். பின்னால் கூடம். சத்தமாக ஜெபிக்கிறவள்தான் தலைவி, தேட வேண்டாம். பழைய சீட்டை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லுங்கள். பாயசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றும் சொல்லுங்கள். நீங்கள் கொடுப்பீர்களோ, ஜன்னல் வழியே விட்டெறிவீர்களோ, எனக்கு என்ன தெரியும்? உங்கள் பெயர்கூட நான் கேட்கவில்லை.

கொடுப்பீர்கள்.

கண்டக்டர்! பனைவிளை விலக்கில் ஆள் இறக்கம்! ஆமாம் தம்பி, தோமாபுரத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். இப்போது இங்கே இறங்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் பாளையங்கோட்டை பஸ் வரும் இல்லையா? ஞாயிற்றுக்கிழமைவரை எல்லாம் அவளால் உட்கார முடியாது.

அம்மாடி, எவ்வளவு கூட்டம்! இந்தப் பையோடு வாசல்வரை போக முடியாது போலிருக்கிறதே. அக்கா… இதைக் கொஞ்சம் பிடியுங்கள். நான் இறங்கி அந்தப் பக்கமாக வருகிறேன்.

இதோ, இங்கே. ஜன்னல் வழியாகக் கொடுங்கள். வந்தது, வந்தது. நான் ஜிப்பைத் திறந்து பார்க்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், பழக்கம். சாவி இருக்கிறது. கத்தரிக்கோல் இருக்கிறது. செருப்பு காலில் இருக்கிறது. எல்லாம் சரி.

அந்தச் சீட்டு ஒன்றுதான் உங்களிடம். பத்திரம் அக்கா. ஒரு மணிக்கு ஜெபம் முடிந்துவிடும். அதற்குள் கொடுத்துவிடுங்கள். நான் அந்த வாசலுக்குப் போய்ச் சேரும்போது, அங்கே யாராவது ஒருத்தி என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.